'ம்' தவிர்த்தல் – தொடர்பாக

லிஃப்ட்காரர் கேட்டது ஒரே ஒரு எழுத்து. அதுவும் உயிருள்ள எழுத்து இல்லை; தலையில் புள்ளி வைத்த மெய்யெழுத்து. அதைக் கொடுக்க ஓர் இயக்ககம், பதினேழு பிரிவுகள், ஒரு துணை இயக்குநர் எல்லாரும் சேர்ந்து பதினொரு மாதம் உழைத்தார்கள். யாரும் சோம்பேறி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலுவலகக் கதை என்றதும் தூங்கி வழியும் குமாஸ்தாவை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே எல்லாரும் நன்றாக விழித்துக்கொண்டிருந்தார்கள். வினையே அதனால்தான் வந்தது.

அவருடைய மதத்துக்குப் பெயர் கிடையாது. புத்தகம், கொடி, கட்டடம் ஒன்றும் கிடையாது. சாயங்காலம் ஒருவர் தன் நாளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு 'ம்' கொட்ட வேண்டும். வழிபாடு முடிந்தது. கடவுள் என்று ஒருவர் இருந்தால் அந்த 'ம்'மில்தான் இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை, ஒரு மனுஷன் சொன்னதை இன்னொரு மனுஷன் கேட்டாயிற்று.

யாராவது இறந்துபோனால் மட்டும் கொஞ்சம் பெரிய வேலை. கூட வாழ்ந்தவர் அவருடைய வாழ்க்கை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். கேட்பவர் கடைசியில் தன் மனதார ஒரு 'ம்' சொல்ல வேண்டும். அதுவரை இறந்தவர் வீட்டை விட்டுப் போக முடியாது. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் போகவே முடியாது, காலம் முழுக்கக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

லிஃப்ட்காரரின் மனைவி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் போகவில்லை. வேலை முடிந்து வந்து, கருவிப் பையை இறக்கி வைத்து, 'இன்னிக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடியும் மூணாவது மாடியில மாட்டிக்கிச்சு' என்று அவர் சொன்னால், சமையலறையில் யாரோ கையில் இருக்கும் வேலையை நிறுத்துகிற மாதிரி இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிறாள், பதில் சொல்லத்தான் முடியவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அழுகையும் வரும், ஒரு கெட்ட ஆறுதலும் வரும். இருக்கிறாளே என்று ஆறுதல். நிற்கவைத்திருக்கிறோமே என்று அழுகை.

இந்த மதம் அவருக்கு அவள் வழியாக வந்தது. மிச்சமிருந்த இன்னொருவர் அவளுடைய அண்ணன். அந்த மச்சான் இரண்டு காலும் விழுந்து, அரசு முதியோர் இல்லத்தில் பதினான்காம் எண் கட்டிலில் கிடந்தார். எனவே அங்கே போய்த்தான் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம், ஒரு நாற்காலி. இல்லத்தின் கண்காணிப்பாளர் நல்ல மனிதர், உடனே கையை விரித்தார்.

"அரசுக் கட்டடத்துக்குள்ள மதச் சடங்குன்னா, சமய சமநிலை இயக்ககத்துலேருந்து ஒரு அனுமதி வாங்கிட்டு வந்துடுங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்."

சமய சமநிலை இயக்ககம் ஏழாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு எண்ணெய் போடுகிறவரே அவர்தான் என்பதால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்பிக் கதவைத் தாண்டியதும் நீளமான மேசை. அதன் மேல் 'நடுநிலை மேசை' என்ற பலகை. பின்னால் ஒரு எழுத்தர், எதிரில் விண்ணப்பம்.

"மதத்தோட பேரு?"

"பேரு கிடையாதுங்க."

"ம்." எழுத்தர் 'இதர' என்று எழுதினார். "புனித நூல்?"

"அதுவும் கிடையாது."

"ம். புனித இடம்?"

"ரெண்டு பேர் உக்கார்ற இடம் எதுவா இருந்தாலும் சரிங்க."

"ம். மொத்த உறுப்பினர்கள்?"

"நானும் மச்சானும்."

"ம். வழிபாட்டுல என்ன செய்வீங்க?"

லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "இப்ப நீங்க செஞ்சிட்டிருக்கீங்களே, அதைத்தாங்க."

எழுத்தரின் பேனா அப்படியே நின்றது. விஷயம் விளங்கியதும் அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. ஓர் அரசு ஊழியர், அலுவல் நேரத்தில், நடுநிலை மேசையிலேயே உட்கார்ந்துகொண்டு, நான்கு முறை ஒரு குறிப்பிட்ட மதத்தின் வழிபாட்டை நடத்தியிருக்கிறார். அவர் எழுந்து கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று லிஃப்ட்காரர் பாடு.

துணை இயக்குநரின் அறையில் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். அவர் லிஃப்ட்காரரை அன்பாக உட்காரச் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க. எங்களுக்கு எல்லா மதமும் ஒண்ணுதான். ஒண்ணைப் பத்திக்கூட எங்களுக்குத் தெரியாது. அதான் எங்க பலமே. அந்த இல்லத்துல மத்தவங்களுக்கு என்ன கொடுத்திருக்கோம்? முந்நூறு நாற்காலி, மைக், மேடையோட ஒரு ஹால். உங்களுக்கும் அதே ஹால்."

"எனக்கு ஒரு நாற்காலி போதுங்க. அதுகூட வேணாம், கட்டில் ஓரத்துல உக்காந்துக்குவேன்."

"போதும்னு சொல்ல நீங்க யாரு?" துணை இயக்குநர் கோபமே இல்லாமல் கேட்டார். "முந்நூறு நாற்காலி அவங்களுக்கு, ஒரு நாற்காலி உங்களுக்குன்னா ஊர் என்ன சொல்லும்? சின்ன மதம்னு ஓரவஞ்சனை பண்ணிட்டாங்கன்னு சொல்லும். சமத்துவம் உங்க உரிமைன்னு நினைச்சீங்களா? இல்ல, அது எங்க கடமை. வாங்கிட்டுத்தான் போகணும். ஹாலுக்கு வரிசை பத்து மாசம் இருக்கு, அவ்வளவுதான்."

"வருஷம் முடியறதுக்குள்ள..."

"முடியும். அப்புறம், உங்க மதத்துல உட்பிரிவு எத்தனை? மத்த எல்லா மதத்துலயும் இருக்கு. இந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாது."

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "மச்சான் கொஞ்சம் இழுத்து 'ம்ம்ம்'னு சொல்வாருங்க. நான் சுருக்கமா சொல்வேன்."

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினார் துணை இயக்குநர். கோப்பில் ஏறியது: இதர மதம். நெடில் பிரிவு, உறுப்பினர் ஒருவர். குறில் பிரிவு, உறுப்பினர் ஒருவர். இரண்டுமே சிறுபான்மை, இரண்டுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு.

மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. 'பொருள்: "ம்" – இதர மதத்தின் புனிதச் சொல் – அரசு ஊழியர்கள் உச்சரித்தல் – தவிர்த்தல் – தொடர்பாக.' அரசு எந்த மதத்தின் வழிபாட்டிலும் பங்குபெறக் கூடாது என்பதால், ஊழியர் எவரும் பணி நேரத்தில் 'ம்' என்று சொல்லக் கூடாது. 'ம்ஹும்' என்பது மேற்படி மதத்தை மறுப்பதாகப் பொருள்படும் என்பதால் அதுவும் கூடாது. உம், ஊம் முதலியவை பரிசீலனையில் உள்ளன. மாற்றாக, 'தங்கள் கூற்று பெறப்பட்டது' என்று சொல்லலாம். பொதுமக்களும் பிற மதத்தவரும் அச்சொல்லை அலட்சியமாகப் பயன்படுத்தி மேற்படி மதத்தினர் மனதைப் புண்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

மேற்படி மதத்தினர் மனது என்பது மொத்தம் இரண்டு. இரண்டும் ஏற்கெனவே புண்பட்டுத்தான் இருந்தன, ஆனால் அதற்குக் காரணம் வேறு.

கொஞ்ச நாளிலேயே ஊர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மின்வாரியத்துக்குப் போன் செய்து கரண்ட் இல்லை என்று சொன்னவர்கள், மறுமுனையில் சத்தமே வராததால், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்க, வாத்தியார் கல் மாதிரி நின்றார். துணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து தன் மனைவியிடம் போனில் பேசும்போது, நாலு வாக்கியத்துக்கு ஒருதரம் "தங்கள் கூற்று பெறப்பட்டது" என்றார். அந்த அம்மாள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

முதியோர் இல்லத்தில்தான் நிலைமை மோசம். முன்பெல்லாம் ஆயாக்கள் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே கிழவர்கள் சொல்லும் பழங்கதைக்கு 'ம்' கொட்டுவார்கள். காதில் வாங்கினார்களோ இல்லையோ, கிழவர்களுக்கு அது போதுமாக இருந்தது. இப்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு விரிப்பை மாற்றினார்கள். ஒவ்வொரு கட்டிலாகப் பேச்சு நின்றது. லிஃப்ட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது இருபது கட்டில் உள்ள கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மச்சான் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "மாப்ளே, எதுக்கு இவங்க காலைப் பிடிச்சிட்டிருக்கே? இப்பவே சொல்லிடு. என் காதுகிட்ட மெதுவா சொல்லு. நான் 'ம்' கொட்டிடறேன், தங்கச்சி போயிடட்டும்."

"அனுமதி வந்துடும் மச்சான். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. முறைப்படி பண்ணுவோம்."

"முறையாவது ஒண்ணாவது! அவ அங்க நின்னுட்டிருக்காடா."

"அவளைத் திருட்டுத்தனமா அனுப்பக் கூடாது மச்சான். மரியாதையா அனுப்பணும்."

முப்பது வருஷம் லிஃப்டைத் திறக்கும் முன் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை மாட்டாமல் அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. அந்தப் பழக்கம் அன்றைக்குப் பேசிவிட்டது. மச்சான் "சரி, உன் இஷ்டம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் மச்சான் செத்துப்போனார். காலையில் ஆயா எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். லிஃப்ட்காரர் இதை எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்பதற்குக் கணக்கில்லை. நாலு மணி நேர வேலை. காதருகில் குனிந்து முணுமுணுத்திருந்தால் முடிந்திருக்கும். பெரிய யோக்கியன் மாதிரி முறை பேசி, அண்ணனையும் விட்டு, தங்கையையும் நிற்கவைத்துவிட்டேனே என்று பேருந்தில் போகும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இயக்ககத்திலிருந்து உடனே கடிதம் வந்தது. அனுதாபக் கடிதம் என்றுதான் பிரித்தார். 'தங்கள் மதத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஒரே நாளில் ஐம்பது விழுக்காடு குறைந்துள்ளது. நெடில் பிரிவு முற்றிலும் இல்லாமல் போனதில் குறில் பிரிவினருக்குப் பங்கு ஏதும் உண்டா என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கவும்.'

பங்கு இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அது முழு உண்மையா என்று அவருக்கே தெரியவில்லை.

இனி யாராவது வெளியாள்தான் கேட்க வேண்டும். மதம் அதைத் தடுக்கவில்லை. கேட்கிறவர் எந்த மதமாகவும் இருக்கலாம், கூலிக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் லிஃப்டுக் குழிக்குள் தனியாக நின்றே வாழ்ந்தவருக்குச் சிநேகிதர்கள் எங்கிருந்து வருவார்கள்? எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போய் நின்றார்.

"அண்ணே, உங்களுக்கு இல்லாததா?" என்றார் தையல்காரர். "போன வருஷமா இருந்தா ஒண்ணு இல்ல, நூறு தடவை சொல்லியிருப்பேன். இப்ப அது உங்க சாமி வார்த்தையாமே. நான் பாட்டுக்குச் சொல்லி, நாளைக்கு யாராவது புண்பட்டுட்டா?"

"அந்த மதத்துல நான் ஒருத்தன்தான் இருக்கேன். நான் புண்படமாட்டேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

தையல்காரர் தாடையைச் சொறிந்தார். "நீங்க குறில் பிரிவு. நெடில் பிரிவுக்கு யாருண்ணே கையெழுத்துப் போடுவா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. சும்மா கிடந்த ஒரு சத்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தால், அதைக் கண்டு ஊர் ஒதுங்கத்தானே செய்யும்.

வருஷம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அனுமதி வந்தது. முந்நூறு நாற்காலி, மைக், மேடை, மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை. அனைத்து மதச் சடங்குகளையும் போல இதையும் ஒரு நடுநிலைப் பார்வையாளர் பார்த்துக் குறிப்பெடுப்பார்.

பார்வையாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எந்த மதத்தோடும் இத்தனை அடி தள்ளித்தான் உட்கார வேண்டும் என்று அளவு இருந்தது. லிஃப்ட்காரர் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, அவருக்கு மூன்று வரிசை முன்னால் நின்றார்.

"மேடம், கேக்கறதுக்கு எனக்கு ஆள் இல்ல. நீங்க கேப்பீங்களா?"

"நான் பாக்க மட்டும்தான் சார் வந்திருக்கேன்."

"பாத்துக்கிட்டே இருங்க. நான் சொல்றேன்."

வேறு என்ன செய்வது? அவர் சொல்ல ஆரம்பித்தார். அவள் பிறந்தது, அம்மா இல்லாமல் அண்ணன் கையில் வளர்ந்தது. அண்ணனுக்கும் சொல்ல ஆள் இல்லாததால் அவர் கதையையும் இதிலேயே ஏற்றிக்கொண்டார். மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கப் போனது. அங்கே ஒரு நாள் லிஃப்ட் பாதியில் நின்று அவள் உள்ளே மாட்டிக்கொண்டது. சரிசெய்ய வந்த பையன், அவள் பயப்படக் கூடாதே என்று கதவுக்கு வெளியே நின்று இரண்டு மணி நேரம் தன் சொந்தக் கதையெல்லாம் பேசிக்கொண்டே வேலை பார்த்தது. உள்ளேயிருந்து 'ம்', 'ம்' என்று மட்டும் வந்தது. கதவு திறந்ததும், "எங்க வழக்கப்படி நாம இன்னிக்குச் சாமி கும்பிட்டாச்சு, தெரியுமா?" என்று அவள் சிரித்தது. குழந்தை இல்லாமல் போனது. சண்டைகள். ஒருமுறை பதினொரு நாள் பேசாமல் இருந்து, பன்னிரண்டாம் நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, யார் 'ம்' சொல்வது என்று மறுபடி சண்டை போட்டது. கடைசி ஆஸ்பத்திரி, கடைசி ராத்திரி, எல்லாம்.

ஏழே முக்காலுக்கு முடிந்தது. "அவ்வளவுதான்" என்றார்.

பார்வையாளர் குறிப்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, உதடு மட்டும் சட்டப்படி மூடியிருந்தது.

"நான் சொன்னதெல்லாம் கேட்டீங்களா மேடம்?"

"நான் கேட்டேன் சார்" என்றார் பார்வையாளர் மெதுவாக. "அரசாங்கம் கேக்கல."

லிஃப்ட்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். இரண்டு அடி வைத்தவர், ஏதோ விட்டுப்போனது ஞாபகம் வந்து திரும்பினார்.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். எவ்வளவு குளிரா இருந்தாலும், தூங்கும்போது ஒரு காலை மட்டும் போர்வைக்கு வெளியில நீட்டிக்குவா."

"ம்" என்றார் பார்வையாளர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு லிஃப்ட்காரர் இரண்டு கையையும் கூப்பிவிட்டு வெளியே போய்விட்டார்.

பார்வையாளர் நேர்மையானவர். படிவத்தில் 'பார்வையாளர் நடுநிலை தவறினாரா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினார். அவரைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். லிஃப்ட்காரருக்குக் கடிதம் போயிற்று: 'பணியாளரின் கவனக்குறைவால் தங்களுக்கு வழங்கப்பட்ட ஒரு (1) "ம்" இதன்மூலம் திரும்பப் பெறப்படுகிறது. பிற மதத்தவர் எவருக்கும் இது வழங்கப்படவில்லை என்பதால், சமத்துவத்தை முன்னிட்டு, தாங்கள் அதைத் திருப்பி ஒப்படைத்ததாகக் கையொப்பமிட்டு அனுப்பவும்.'

அவர் அதே தாளின் அடியில் பதில் எழுதினார்: 'ஐயா, அது எனக்குச் சொன்னது இல்லை. என் மனைவிக்குச் சொன்னது. அவள்தான் வாங்கிக்கொண்டாள்.'

இயக்ககம் இதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டது. பெற்றவரிடம்தானே கேட்க வேண்டும்? பத்து நாளில் அவள் பெயருக்கே ஒரு பதிவுத் தபால் வந்தது.

அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் வெகு நேரம் வாசலிலேயே நின்றார். ஹாலிலிருந்து வந்த நாள் முதல் அவர் வீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை. அதிக வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, தாமதமாக வந்து, செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றிக்கொண்டிருந்தார். பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம். ஆனால் அவளுக்கு வந்த கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாமல் இருக்க முடியுமா?

சமையலறைக்குள் போய் நின்று உரக்கப் படித்தார். "'தாங்கள் பெற்றுக்கொண்ட ஒரு ம்-ஐப் பதினைந்து நாட்களுக்குள் நேரிலோ தபாலிலோ திருப்பி ஒப்படைக்குமாறு...'"

நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அடுப்பு இருந்தது. கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர் இருந்தன. யாரும் எந்த வேலையையும் நிறுத்தவில்லை. மறுபடி ஒருதரம், இன்னும் சத்தமாகப் படித்தார். சமையலறை வெறும் சமையலறையாக இருந்தது. ஒரு வருஷமாக எதற்காக ஏழு மாடி ஏறி இறங்கினாரோ அது நடந்துவிட்டது. அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து அவர் அழுதார். சந்தோஷமும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அழுகைதான் அதிகம்.

விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, கடிதத்தை மறுபடி உறைக்குள் போட்டு ஒட்டினார். பேனாவை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே, தபால்காரர்கள் எழுதுகிற மாதிரி எழுதினார்: 'பெறுநர் இந்த முகவரியில் இல்லை.'